சோலைமந்திக் குழு: தீனி 20 நிமிஷத்தில் காலி, மீதி நாள் சும்மா. என்ரிச்மெண்டை எங்கிருந்து தொடங்குவது?

#1 சோலைவாசல்

வணக்கம். எங்கள் சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) குழு விவரம்: வயது வந்த ஆண் 1, பெண் 4, இரண்டு வயதுக்குட்பட்ட குட்டி 2. வெளிக்கூண்டு 12 மீட்டருக்கு 8, உயரம் 6 மீட்டர், மேலேயும் கம்பிவலை. பின்னால் சிமெண்டுத் தரை போட்ட இரவுக்கூண்டு, நாலு அறை.

தீனி காலை 9.30, மாலை 4 மணி. நறுக்கிய பழம், காய், முளைகட்டிய பயறு, அவித்த முட்டை. இரண்டு ஸ்டீல் தட்டில் வைப்பது வழக்கம். 20 நிமிஷத்தில் தட்டு துடைத்த மாதிரி ஆகிவிடும். 9 மணியிலிருந்தே ஆண் கதவோரம் எட்டுப் போட்டு நடக்கிறது. ஒரு பெண்ணுக்கு முதுகிலும் முன்கையிலும் முடி கொட்டி வழுக்கையாக இருக்கிறது. டயர் ஊஞ்சல் ஒன்று, பிளாஸ்டிக் பந்து இரண்டு போட்டாயிற்று. முதல் வாரத்தோடு சரி, இப்போது சீண்டுவதே இல்லை.

பெரிய பட்ஜெட் கிடையாது. என்ரிச்மெண்ட், அதாவது கூண்டு விலங்குக்கு வேலையும் சுவாரசியமும் தரும் ஏற்பாடு என்றால், எதை முதலில் மாற்றலாம்?

#2 கால்நடை வைத்தியம்

முடியில் தொடங்குவோம். "ஸ்ட்ரெஸ்" என்று முத்திரை குத்துவதற்கு முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, தோலைச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் உண்ணிப்பூச்சி, பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, முடி எப்படிப் போயிருக்கிறது. வேரோடு போயிருந்தால் தோல் வழவழவென்று இருக்கும். ஒடிந்திருந்தால் கையில் தடவும்போது முள்முள்ளாகக் குத்தும். மூன்று, அந்தப் பெண் சினையா, பாலூட்டுகிறதா. அந்தச் சமயத்தில் முடி மெலிவது உண்டு.

நான்காவதை யாரும் கேட்பதில்லை: தழை என்று சுபாபுல் (சவுண்டல்) போடுகிறார்களா? அதில் உள்ள மைமோசின் என்ற நச்சு அசைபோடாத விலங்குகளுக்கு முடியைக் கொட்ட வைக்கும். வேலியோரம் தாராளமாகக் கிடைக்கிறது, மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடுகிறோம் என்று குரங்குக்கும் கட்டு கட்டாகப் போட்டுவிடுவார்கள். நிறுத்துங்கள்.

இது எதுவும் இல்லையென்றால் இடத்தைப் பாருங்கள். முன்கை அதன் வாய்க்கு எட்டும். அது தானே பிடுங்கியதாக இருக்கலாம். முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே அதற்கு எட்டாது. அங்கே வழுக்கை என்றால் பிடுங்குவது வேறொருத்தி. பேன் பார்க்கிற சாக்கில், குழுவின் அதிகார வரிசையில் மேல்படியில் இருக்கும் பெண் கீழ்ப்படிக்காரியைப் பிடித்து வைத்து உருவுவாள். அப்படியானால் வைத்தியம் வழுக்கை விழுந்தவளுக்கு இல்லை, உருவுகிறவளின் கைக்கு வேலை கொடுப்பதுதான்.

#3 தழைக்கட்டு

டாக்டர் சொன்னதோடு சேர்த்து: மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆனைமலைக் காட்டில் சோலைமந்தி பகல்பொழுதில் ஏறக்குறைய பாதியை இரை தேடுவதிலும் தின்பதிலும் கழிக்கிறது. வெடிப்பலா, அத்தி, பூந்தேன் ஒரு பக்கம். பட்டையை உரித்து, காய்ந்த இலைச்சுருளைப் பிரித்துப் புழுப்பூச்சி பிடிப்பது இன்னொரு பக்கம். உங்கள் குழுவுக்கு அந்த வேலை மொத்தமும் 40 நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. மிச்ச நேரத்தை ஒரு டயர் எப்படி நிரப்பும்?

காசே ஆகாத முதல் மாற்றம்: நறுக்குவதை நிறுத்துங்கள். சோலைமந்திகளிலேயே 1989ல் ஸ்மித், லிண்ட்பர்க், வெரன்கேம்ப் மூவரும் செய்த ஆய்வு இருக்கிறது. முழுசாகக் கொடுத்தால் தின்ன எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது. "பெரிய துண்டாகப் போட்டால் ஆண் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும்" என்ற பயம்தான் நறுக்குவதற்குச் சொல்லும் காரணம். அந்த பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. மேலும் நறுக்கிய பப்பாளி வெயிலில் ஒரு மணி நேரத்தில் சளசளத்து ஈ மொய்க்கும். முழுப் பூசணிப் பத்தை, தோலோடு வேர்க்கடலை, காம்போடு முருங்கைக்காய், உரிக்காத மக்காச்சோளம், பட்டாணிக் காய். உரிப்பதும் உடைப்பதும் அவற்றின் வேலை, கீப்பருடையது இல்லை. நறுக்க ஆகும் நேரம் மிச்சமாகும், அதை வேறு வேலைக்குத் திருப்பலாம்.

அடுத்தது இனிப்பு. நாம் சந்தையில் வாங்குவது மனுஷ நாக்குக்காக வளர்த்த பழம். காட்டுப் பழத்தில் நார் அதிகம், சர்க்கரை கம்மி. இங்கிலாந்தில் பெய்ன்டன் உயிரியல் பூங்கா 2014ல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்தியது. பல்லும் சர்க்கரையும்தான் காரணம். பழத்தைப் படிப்படியாகக் குறைத்து காய், கீரை, தழை பக்கம் போங்கள். வாழைப்பழத்தை மருந்து மறைத்துக் கொடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கிடைத்தால் அந்த உபயோகமும் போய்விடும்.

தழை: ஆல், அரசு, அத்தி, புளி, கல்யாண முருங்கை, செம்பருத்தி, அகத்தி. 1 முதல் 1.5 மீட்டர் கிளையாக, பட்டையோடு. தரையில் போட்டால் மிதித்து அசிங்கம் பண்ணிவிடும். 4 மீட்டர் உயரத்தில் கம்பத்தில் 4 அங்குல ஜிஐ குழாயை ஒரு முழ நீளத்துக்கு வெட்டிச் சாய்வாக வெல்ட் பண்ணி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, அதில் கிளையைச் செருகுங்கள். அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி பக்கமே போகக்கூடாது. சாலையோர மரமும் வேண்டாம், மருந்தடித்த தோட்டத்துத் தழையும் வேண்டாம்.

#4 மூங்கில் மேஸ்திரி

சாமான் பக்கம் நான் சொல்றேன்.

மூங்கில் குழாய்: உள்விட்டம் 6 முதல் 7 செ.மீ., நீளம் 50 செ.மீ. ரெண்டு முனையிலும் கணுவை விட்டு வெட்டுங்க, அதுவே மூடி. நடுவில் கணு வந்தா நீளக் கம்பியால குத்தி உடைச்சிடுங்க. பக்கவாட்டில் 5 அல்லது 6 ஓட்டை, ஒரே வரிசையா இல்லாம சுத்தி சுத்தி. ஓரத்தை உப்புத்தாளால தேச்சிடணும், மூங்கில் சிலாம்பு கத்தி மாதிரி.

ஓட்டை அளவுதான் உயிர்நாடி. விரல் நுழைஞ்சு மாட்டிக்கிற அளவு ஆபத்து, குட்டியோட தலை நுழையிற அளவு அதைவிட ஆபத்து. ஒண்ணு, குட்டியோட சுண்டுவிரல்கூடப் போகாத அளவு வையுங்க, உள்ள இருக்கிறது குலுக்கினா மட்டும் விழும். இல்லைன்னா பெரிய ஆணோட மூடின கை தாராளமா வெளிய வர்ற அளவு. ரெண்டுக்கும் நடுவுல எதுவும் வேண்டாம். பெரிய ஓட்டையில குட்டி தலைய விடும்னு சந்தேகம் இருந்தா குழாயோட உள்விட்டத்தையே குறைச்சிடுங்க, தலை உள்ள போக இடமே இருக்காது.

உள்ளே என்ன: பொரி, உடைச்ச வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, காய்ஞ்ச இலை ஒரு கைப்பிடி. இலையை மறக்காதீங்க. அது இல்லைன்னா ரெண்டு குலுக்குல எல்லாம் கொட்டிடும். இலை இருந்தா ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டுத்தான் தேடணும்.

குழிப்பலகை: வேப்பம்பலகை 2 அடிக்கு 1 அடி, கனம் 2 அங்குலம். 2.5 செ.மீ. விட்டத்தில், 2 செ.மீ. ஆழத்தில் 40 குழி. கெட்டியா கிளறின கேழ்வரகுக் களியை அழுத்தித் தேச்சு, மேலே எள்ளு தூவுங்க. செங்குத்தா மாட்டினா தொங்கிக்கிட்டே சுரண்டும். பிளைவுட் கூடவே கூடாது, பசை இருக்கு. கரையான் மருந்து அடிச்ச மரமும் கூடாது. மரக்கடையில கேட்டா "மருந்தெல்லாம் இல்ல சார்"னுதான் சொல்வாங்க, மோந்து பாருங்க.

போல்ட் நட்டு எல்லாம் நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்கும், லேசுல தளராது), மேல மூடி நட்டு. சாதா நட்டை சோலைமந்தி ஒரே நாள்ல கழட்டி கன்னப்பையில போட்டுக்கும்.

#5 சோலைவாசல்

நன்றி. சுபாபுல் போடுகிறார்கள்தான், வாரத்துக்கு நாலு நாள். நிறுத்தச் சொல்லியாயிற்று. முதுகிலும் வழுக்கை இருப்பதால் உருவுகிறவள் யார் என்றும் பார்க்கிறோம்.

மூங்கில் குழாய் இரண்டு மாட்டினால் போதுமா? ஆண் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதுக்கு நாலு பெண்ணும் சண்டை போடாதா?

#6 தழைக்கட்டு

போதாது. ஏழு உருப்படி என்றால் குறைந்தது ஒன்பது இடத்தில் தீனி. எண்ணிக்கையோடு இரண்டு சேர்த்து வையுங்கள். விலக விலக மாட்டுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 2 மீட்டராவது இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒரு குழாயிலிருந்து பார்த்தால் எல்லாக் குழாயும் தெரியக்கூடாது. நடுவில் மூங்கில் தட்டியோ கிளைக்கட்டோ இருந்தால் கீழ்ப்படிக்காரிக்கு மறைவு கிடைக்கும். ஆண் ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்து விரட்ட முடியாது.

கன்னப்பையையும் கணக்கில் எடுங்கள். இது சோலைமந்திக்குப் பெரிய வசதி. தட்டில் வைத்தால் ஆண் இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டு போய்விடும். சின்ன தானியமாகப் பரவலாகத் தூவினால் அடைப்பதற்கே நேரம் ஆகும், அதற்குள் மற்றவையும் தேடிக்கொள்ளும். பலா சீசனில் முழுப் பலாவை ஒரே இடத்தில் கட்டாதீர்கள். நாலாகப் பிளந்து நாலு மூலையில், முள்தோலோடு.

எந்தக் கிளையும் முட்டுச்சந்தாக முடியக்கூடாது. ஒவ்வொரு உட்காருமிடத்துக்கும் வந்த வழி ஒன்று, தப்பிக்கிற வழி ஒன்று.

#7 நிழல்குடை

மேஸ்திரி சொன்னதெல்லாம் செய்து தீர எத்தனை நாள் ஆகும்? எளிய வழி ஒன்று இருக்கிறது. மேல்வலை. முழுக் காய், கீரைக்கட்டு, பீன்ஸ் எல்லாவற்றையும் கூண்டின் கூரை வலைமேல் வைத்துவிடுங்கள். வலைக்கண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தொங்கிக்கொண்டு கடித்துக் கடித்துத்தான் இழுக்க வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சினில் விக்டர் ரெய்ன்ஹார்ட் என்ற ஆய்வாளர் ரீசஸ் குரங்குகளுக்கு இதே தத்துவத்தைத்தான் பயன்படுத்தினார். பிஸ்கட் அதே பிஸ்கட், அளவும் அதே அளவு. கையில் எடுக்காமல் வலை வழியே நோண்டி எடுக்க வைத்தார், அவ்வளவுதான்.

மரத்தில் வாழ்கிற விலங்குக்குத் தரையில் தட்டு வைப்பதே கிறுக்குத்தனம்.

#8 மூங்கில் மேஸ்திரி

நம்ம ஊர்ல கூரைமேல வெச்சா யாருக்குப் போகும்னு நினைக்கிறீங்க? முதல்ல காக்கா, அப்புறம் வெளியில திரியிற நாட்டுக்குரங்கு. அது மேல உட்கார்ந்து இழுக்கும், இது கீழ தொங்கி இழுக்கும், விரல் கடி. எச்சிலும் மூத்திரமும் உள்ள விழுந்தா வியாதி இலவசம்.

செய்யணும்னா இப்படிச் செய்யுங்க: கூரை வலைக்கு மேல அரையடி உயரத்துல 1 அங்குலக் கண் வலையில பெட்டி, மேல் மூடியில பூட்டு. ஒரு பெட்டி 60க்கு 60 செ.மீ. ஆறு பெட்டி போதும். கீப்பர் ஏறி இறங்க ஏணியும் நடைபலகையும் இல்லைன்னா ஒரு மாசத்துல இது நின்னுடும். கீப்பருக்குக் கஷ்டமான எந்த என்ரிச்மெண்டும் நிக்காது, எழுதி வெச்சுக்கோங்க.

#9 நிழல்குடை

பூட்டுப் பெட்டி ஏற்கத்தக்கது. ஒப்புக்கொள்கிறேன்.

#10 ஈரத்தரை

இரவுக்கூண்டின் சிமெண்டுத் தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கே மரச்சீவல் மெத்தை போடலாம். 10 முதல் 15 செ.மீ. ஆழம். இழைப்புத்தூள் இல்லை, கட்டைவிரல் அளவுச் சில்லு. கம்பு, கேழ்வரகு, பொரி, உடைத்த கடலை எல்லாம் கலந்து ஒரு உருப்படிக்கு 20 முதல் 25 கிராம் தூவுங்கள். அதை அன்றைய தீனியிலிருந்து கழிக்க வேண்டும், மேலதிகமாகக் கொடுத்தால் ஆறு மாதத்தில் எல்லாம் தொந்தி போடும். தூவிவிட்டு ஒரு வாருகோலால் கிளறிவிடுங்கள், மேலாக இருந்தால் பத்து நிமிஷத்தில் பொறுக்கிவிடும்.

#11 கால்நடை வைத்தியம்

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஈரம், குடற்புழு முட்டை, பூஞ்சை. தினமும் ஹோஸ் பிடித்துக் கழுவுகிற தரையில் இதில் எதுவும் தங்காது.

#12 ஈரத்தரை

டாக்டர், பயம் நியாயமானதே. ஆனால் சாமோவும் சக ஆய்வாளர்களும் 1982ல் எட்டு வகைக் குரங்கினங்களில் மரச்சில்லு மெத்தையைச் சோதித்தார்கள். சண்டை குறைந்தது, தேடுதல் கூடியது. மெத்தை பழகப் பழக அதில் கிருமி தழைக்கவில்லை, அடங்கியது. தினமும் கழுவி எப்போதும் ஈரமாக இருக்கும் சிமெண்டுத் தரைதான் சுத்தம் என்று நாம் நினைக்கிறோம். ஈரத்தரையில் குரங்கு உட்காரவே உட்காராது.

கெடுவது எங்கே என்றால்:

கூரையில் ஒழுகினால், தண்ணீர்த் தொட்டி மெத்தைக்கு மேலேயே வழிந்தால் மெத்தை மக்கும். தொட்டியைச் சுற்றி 1 மீட்டர் வெறுந்தரையாக விட்டு, செங்கல் வரம்பு கட்டுங்கள்.

தென்னைநார்க் கழிவு மலிவு என்று போடாதீர்கள். தூசியும், ஈரம் பட்டால் பூஞ்சையும்; நுரையீரலுக்கு வம்பு. தேங்காய் மட்டையைத் துண்டாக வெட்டிப் போட்டால் பரவாயில்லை.

மலத்தைத் தினமும் முறத்தால் எடுங்கள். ஈரமான திட்டுகளை வாரம் ஒருமுறை வெட்டி எடுத்து புதுச் சில்லு போடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் முழுசாக மாற்றம். அம்மோனியா வாடை கீப்பரின் மூக்குக்கு எட்டினால் காலண்டர் பார்க்காமல் அன்றைக்கே மாற்ற வேண்டும்; கீழே உட்காரும் விலங்குக்கு அதற்கு முன்பே எட்டியிருக்கும்.

நாலு அறையில் ஒன்றை மட்டும் முதலில் செய்து, மாதம் ஒருமுறை மலப் பரிசோதனை நடக்கட்டும். முட்டை எண்ணிக்கை ஏறினால் நிறுத்துங்கள்.

#13 கால்நடை வைத்தியம்

ஒரு அறை, மாதாந்திர மலப் பரிசோதனை என்றால் சரி. கூடவே ஒன்று: ஒரு கூண்டில் பயன்படுத்திய மூங்கிலும் பலகையும் அடுத்த கூண்டுக்குப் போகக்கூடாது. மரத்தையும் மூங்கிலையும் கிருமிநாசினியால் முழுசாகச் சுத்தம் பண்ண முடியாது. மூங்கில் வாரத்துக்கு ஒருமுறை கழிவு, அவ்வளவுதான். ஸ்டீலும் பிளாஸ்டிக்கும் முதலில் சோப்புப் போட்டு அழுக்கு போகக் கழுவி, அப்புறம் பிளீச்சிங். அழுக்கு இருக்கும்போது பிளீச்சிங் ஊற்றினால் வேலை செய்யாது.

சாமான் மாட்டுகிற கீப்பருக்குக் கையுறையும் கண்ணாடியும் அவசியம். குரங்குக் கடி, பிராண்டல், கண்ணில் எச்சில் தெறிப்பு எதுவானாலும் 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி. மக்காக் இனங்களிடம் (சோலைமந்தியும் அதில் ஒன்று) பி வைரஸ் இருக்கலாம், அது மனுஷருக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. மறுபக்கம், காசநோய் நம்மிடமிருந்து அவற்றுக்குப் போகும். இருமுகிற ஆள் தீனி தயாரிக்கக் கூடாது.

#14 எண்ணும் நோட்டு

இதுவரை யாரும் கேட்காத கேள்வி: இதெல்லாம் வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்?

எதையும் மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் சும்மா பாருங்கள். முறை எளிது, விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974ல் எழுதியதிலிருந்து எடுத்தது. 2 நிமிஷத்துக்கு ஒருமுறை அலாரம். அடித்த நொடியில் ஏழு உருப்படியும் என்ன செய்கின்றன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நடை, தன் முடி பிடுங்கல், பிறர் முடி பிடுங்கல், தேடல், தின்னல், பேன் பார்த்தல், விளையாட்டு, சண்டை, சும்மா இருத்தல், மறைவில். ஒரு மணி நேரத்துக்கு 30 குறி. காலை 8 முதல் 9, மதியம் 12 முதல் 1, மாலை 5 முதல் 6 என்று மூன்று வேளை. தீனி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதுவதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. புதுச் சாமான் மாட்டிய முதல் நாளும் கணக்கில் சேராது. மூன்றாவது வாரத்தில் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

ஆணின் எட்டுப் போடும் நடை பற்றி. 9.30 தீனிக்கு 9 மணியிலிருந்து நடப்பது எதிர்பார்ப்பு. எல்லோரும் சொல்லும் வைத்தியம், நேரத்தைக் கலைத்துப் போடுவது. பாதிதான் சரி. நேரத்தைக் கலைத்துவிட்டு அடையாளங்களை அப்படியே விட்டால் நிலைமை மோசமாகும். சாவிக்கொத்துச் சத்தம், வாளிச் சத்தம், பைக் சத்தம் ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடும், பத்தில் ஒன்பது தடவை ஏமாறும். நேரம் தெரியக்கூடாது, ஆனால் தீனி வருவதற்கு மட்டுமே உரிய ஒரு சத்தம் வேண்டும், அது ஒருநாளும் பொய்க்கக் கூடாது. ஒரு மணி, அல்லது விசில். அடித்தால் அடுத்த நிமிஷம் தீனி. அடிக்காமல் யார் வந்தாலும் வெறுங்கைதான். சாவியைத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

தீனியை இரண்டு வேளையிலிருந்து ஐந்தாறு சின்ன வேளையாக்குங்கள். மொத்த அளவு மாறாது.

இன்னொன்று. பழைய நடை முழுசாக நிற்காமல் போகலாம். வருஷக்கணக்காக ஊறிப்போன நடை, காரணம் போன பிறகும் வரும். அதை மட்டும் அளவுகோலாக வைத்துத் திட்டத்தைத் தள்ளிவிடாதீர்கள். தேடல் கூடியதா, சண்டை கூடாமல் இருக்கிறதா, கீழ்ப்படிக்காரி மறைவிலிருந்து வெளியே வருகிறாளா என்றும் பாருங்கள்.

#15 நிழல்குடை

எலியில் 1963ல் ஜென்சன் செய்த சோதனை இங்கே பொருந்தும். பக்கத்தில் கிண்ணத்தில் இலவசத் தீனி இருக்கும்போதே எலிகள் விசையை அழுத்தி வாங்கித் தின்றன. அதனால் "பசியில் வாடவிட்டால்தான் புதிரைத் தொடும்" என்று தீனியைக் குறைக்கத் தேவையில்லை. சில இடங்களில் அந்தப் பழக்கம் இருக்கிறது, அது தப்பு.

#16 கரடிக்கூடம்

தேன்கரடிக்கும் இதே தலைவலி என்பதால் இங்கேயே எழுதுகிறேன். கரடிக்கு மேல்தாடையில் நடு வெட்டுப்பல் இரண்டும் கிடையாது. அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சும். அதனால் அதற்கு ஓட்டையின் ஆழமே விளையாட்டு. 3 செ.மீ. விட்டம், 10 செ.மீ. ஆழத்தில் மரத்துண்டில் பத்துப் பதினைந்து துளை, உள்ளே தளரக் கரைத்த கேழ்வரகுக் கூழ், மேலே ஒரு சொட்டுத் தேன் வாசனைக்கு. தேனையே ஊற்றினால் பல்லும் போகும், எடையும் ஏறும். மரத்துண்டு 40 கிலோவுக்குக் குறைந்தால் தூக்கிச் சுவரில் அடிக்கும்.

செம்மண்ணைக் குழைத்து இடுப்பளவு புற்று கட்டி, கட்டும்போதே உள்ளே 2 அங்குலக் குழாயை வளைத்துப் புதைத்தால் பின்பக்கத்திலிருந்து தினமும் கூழை ஊற்றலாம். மண்ணை இடித்துவிடும், வாரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். சிமெண்டில் கட்டினால் இடியாது. ஆனால் இடிக்கும் வேலைதானே கரடிக்கு வேண்டும்?

#17 பார்வையாளர் பக்கம்

பந்து, டயர் பற்றி. பார்க்க வருகிறவர்களுக்குச் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் கிடக்கும் கூண்டு சர்க்கஸ் மாதிரித் தெரிகிறது. காட்சிக்கூண்டில் இயற்கைப் பொருள் மட்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

#18 எண்ணும் நோட்டு

விலங்குக்கு அந்த விதியால் ஒன்றும் இல்லை. தீயணைப்புக் குழாயில் பின்னிய தொட்டில் பார்க்க அசிங்கம், ஆனால் மழையில் மக்காது, பல்லுக்கு அசையாது. பிளாஸ்டிக் பந்தில் உள்ள குறை நிறம் இல்லை. சோலைமந்தி பந்தை வைத்து என்ன செய்யும்? கடிக்க ஒன்றுமில்லை, பிரிக்க ஒன்றுமில்லை, உள்ளே ஒன்றுமில்லை. அதே பந்தில் துளை போட்டுப் பொரி போட்டால் நாளைக்கே எடுக்கும். பார்வையாளருக்காக வேண்டுமானால் வெளியே மூங்கில், பின்கூண்டில் பிளாஸ்டிக் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பார்வையாளர் விஷயத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மேல் உட்காருமிடம் பார்வையாளர் தலைக்கு மேலே இருக்கட்டும், வலையோரம் ஒரு பகுதியைத் தட்டியால் மறையுங்கள். மரத்து விலங்கு பயந்தால் மேலே ஏறும். ஏறியும் மனுஷக் கண்ணுக்கு நேரே நின்றால் அது தப்பித்ததாகாது.

#19 மூங்கில் மேஸ்திரி

தீயணைப்புக் குழாய்னதும் ஞாபகம் வருது, தொங்குற சாமான் எதுக்கும் சில சங்கதி:

சங்கிலி வளைஞ்சு கண்ணி ஆகிற நீளம் இருக்கக்கூடாது. 30 செ.மீ.க்கு மேல போனா சங்கிலி மேல பழைய ஹோஸ் பைப்பை உறை மாதிரி போட்டுடுங்க, வளையாது, கழுத்துல சுத்தாது. நைலான் கயிறு வேண்டாம். நூல் நூலாப் பிரிஞ்சு குட்டி விரலைச் சுத்தி இறுக்கும், ராத்திரி இறுக்கினா காலையில விரல் கறுத்துப் போயிருக்கும். தேங்காநார்க் கயிறு, கட்டைவிரல் மொத்தம், பிரிய ஆரம்பிச்ச அன்னிக்கே கழட்டிடணும். கயிறு ரெண்டு முனையும் கட்டியிருந்தா இழுத்து விறைப்பா கட்டுங்க. தொளதொளன்னு தொங்கினா அதுவும் கண்ணிதான். பிவிசி குழாய் கோரைப்பல்லுல சில்லு சில்லா உடையும். ஹெச்டிபிஇ குழாய் (கெட்டியான, சில்லாகாத பிளாஸ்டிக்) வாங்குங்க, போர்வெல்காரங்ககிட்ட வெட்டுத்துண்டு கிடைக்கும்.

ஷேக்கிள் (சங்கிலியை மாட்டுற U வடிவக் கொக்கி) போட்டா அதோட பின்னைக் கம்பியால கட்டுங்க. காலையில கூண்டைத் திறக்கும்போது ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து, கையால இழுத்துப் பார்க்கணும்.

#20 ஆலமர நிழல்

எங்கள் பக்கத்தில் அனுமன் மந்திக் குழு இருக்கிறது. இதே கேழ்வரகுப் பலகை, பொரிக் குழாய் எல்லாம் அவற்றுக்கும் வைக்கலாமா அக்கா?

#21 தழைக்கட்டு

வேண்டாம் தம்பி. பெயரில் மந்தி இருந்தாலும் அனுமன் மந்திக்கும், மக்காக் இனமான சோலைமந்திக்கும் வயிறு வேறு. அனுமன் மந்தி, நீலகிரி கருமந்தி எல்லாம் இலைதின்னிகள். இரைப்பையிலேயே நுண்ணுயிர் வைத்து இலையை நொதிக்க விடுகின்றன. மாவுப்பொருளும் சர்க்கரையும் ஒரே நேரத்தில் நிறையப் போனால் அமிலம் ஏறி வயிறு உப்பிச் செத்தே போகும். கன்னப்பையும் இல்லை. பொரி, பிரெட், களி எதுவும் வேண்டாம்.

அவற்றுக்குத் தழையே என்ரிச்மெண்ட். ஒரே மரத்துக் கிளையைக் கட்டுக் கட்டாகப் போடாமல், நாளுக்கு நாலைந்து வகை, கூண்டின் வெவ்வேறு உயரத்தில் செருகுங்கள். கொழுந்து, முற்றின இலை, பூ, காம்பு என்று அவை பொறுக்கி எடுக்கும், மீதியைக் கீழே போடும். கீழே விழுந்ததைப் பார்த்து "வீணாக்குகிறது" என்று கிளையைக் குறைத்துவிடாதீர்கள். பொறுக்குவதுதான் அதற்கு வேலை. புது வகைத் தழையைச் சேர்க்கும்போது பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், வயிற்று நுண்ணுயிர் பழக வேண்டும்.

#22 இராவுலாவி

தேவாங்கு மீட்பு இடத்துக்கும் யாராவது எழுதுங்களேன். பட்டறை விளக்கெரியும் அறையில் வைத்துவிட்டு "தூங்கிக்கொண்டே இருக்கிறது" என்கிறார்கள்.

#23 கால்நடை வைத்தியம்

இரவு விலங்கு, பகலில் தூங்காமல் என்ன செய்யும்? ஒலி குறைந்த, வெளிச்சம் புகாத அறை. இரவில் வேலை செய்ய மங்கின சிவப்பு விளக்கு. விரல் மொத்தத்திலிருந்து இரண்டு விரல் மொத்தம் வரை கிளைகள், இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக. தேவாங்கு தாவாது, பிடித்துப் பிடித்துத்தான் போகும். தூங்க அடர்ந்த இலைக்கொத்து.

நம்மூர் தேவாங்கு பெரும்பாலும் பூச்சிதின்னி. கிண்ணத்தில் பழம் வைப்பது அதற்கு உணவும் இல்லை, வேலையும் இல்லை. மூங்கில் கணுத்துண்டுக்குள் வெட்டுக்கிளி, சிள்வண்டு விட்டு, வாயில் இலை அடைத்து, கிளைகளில் கட்டுங்கள். அது மெதுவாக வந்து இரண்டு கையாலும் சட்டென்று பிடிக்கும். மாவுப்புழு மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு வளையும். பூச்சிகளுக்கு முந்தின நாள் கீரையும் சுண்ணாம்புச் சத்தும் தின்னக் கொடுத்துவிட்டு அப்புறம் விடுங்கள்.

#24 சோலைவாசல்

நிறையக் கிடைத்தது. முதல் மாதத்துக்கு இப்படி எடுத்துக்கொள்கிறோம்: ஒரு வாரம் குறி போடுதல் மட்டும்; சுபாபுல் நிறுத்தம்; இரண்டாம் வாரம் நறுக்குவதை நிறுத்தி ஒன்பது இடத்தில் முழுக் காய்; மூன்றாம் வாரம் மணி, ஆறு வேளை; நாலாம் வாரம் ஒரு அறையில் மரச்சில்லு. மூங்கில் குழாய் அதற்குப் பிறகு.

ஒரு சந்தேகம் பாக்கி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூங்கில் எத்தனை நாள் தாங்கும்? இங்கே மூன்றாம் நாளே கறுப்புப் புள்ளி விழுகிறது.

#25 மூங்கில் மேஸ்திரி

பச்சை மூங்கிலா இருக்கும். வெட்டி நிழல்ல மூணு வாரம் நிக்க வெச்சுக் காயவிட்டு, அப்புறம் குழாயா அறுங்க. மாட்டும்போது அடிக்கணுவுல 5 மி.மீ. துளை ஒண்ணு போட்டுடுங்க, தண்ணி நிக்காது. சுத்தி இருக்கிற ஓட்டையெல்லாம் லேசா கீழ்நோக்கிச் சாய்வா துளைங்க. மழைக்காலத்துல உள்ள களி, பழம் எதுவும் வேண்டாம், காய்ஞ்ச விதை மட்டும், அதுவும் அன்னன்னிக்குத் தின்னு தீர்ற அளவு. கறுப்பு தெரிஞ்சா தேய்ச்சுக் கழுவலாம்னு பார்க்காதீங்க, அடுப்புக்கு அனுப்பிடுங்க. ரெண்டு மாசத்துக்கு ஹெச்டிபிஇ குழாய்க்கு மாறிட்டா இந்தக் கவலையே இல்லை. அதே ஓட்டை அளவு, ரெண்டு முனையிலும் திருகு மூடி, மூடியில குறுக்கே ஒரு போல்ட்.